அப்பார்ட்மென்டில் நாய், பூனை வளர்க்கலாமா? புதுச்சேரி, கடலூர் குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மொத்தம் 28 வீடுகள். அசோசியேஷன் செயலாளராக நான்கு வருஷம் இருந்தேன். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் அடுத்தபடியாக என்னிடம் வந்த புகார்கள் எல்லாம் நாயைப் பற்றித்தான். இப்போது பொறுப்பில் இல்லை, ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. லாஸ்பேட்டையிலிருந்து கேட்கிறார்கள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"எங்க அசோசியேஷன்ல நாயே வளர்க்கக் கூடாதுன்னு போர்டு மாட்டிட்டாங்க. அப்படிப் போடலாமா மேடம்?"

போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலேயே இது தெளிவாக இருக்கிறது: செல்லப் பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடை செய்யக் கூடாது. 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் இது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், "செல்லப் பிராணி கூடாது" என்று சங்க விதிகளில் எழுதுவது சட்டத்துக்குப் புறம்பானது, செல்லாது என்று சொல்லிவிட்டது.

புதுச்சேரியும் கடலூரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன. அதனால் கேரளத் தீர்ப்பு இங்கே நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம். அரசியல் சாசனத்தின் 51ஏ(ஜி) பிரிவு உயிர்களிடம் கருணை காட்டுவதைக் குடிமகனின் கடமையாக வைத்திருக்கிறது. கேரளத் தீர்ப்பும் அதைத் தொட்டுத்தான் பேசுகிறது.

"பொதுக்குழுவுல எல்லாரும் கை தூக்கி தீர்மானம் போட்டாச்சே. மெஜாரிட்டி சொன்னா கேக்கணும்ல?"

பெயிண்ட் என்ன கலர், வாட்ச்மேனுக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் மெஜாரிட்டி விஷயம். ஒருவர் தன் வீட்டுக்குள் நாய் வளர்க்கலாமா என்பது அப்படியில்லை. ஒருமித்த தீர்மானம் போட்டாலும், பைலாவையே, அதாவது சங்க விதிகளையே திருத்தினாலும் தடை செய்யக் கூடாது என்பதை வாரியத்தின் சுற்றறிக்கை குறிப்பாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1994 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் புதுச் சட்டம் வந்தது. பைலாவைப் புதிதாக எழுதும் கடலூர் அசோசியேஷன்கள் பழைய நகலிலிருந்து "செல்லப் பிராணி கூடாது" என்ற வரியையும் அப்படியே எடுத்துப் போடாமல் இருந்தால் நல்லது.

"அப்போ அசோசியேஷன் வாயே திறக்கக் கூடாதா?"

தாராளமாகத் திறக்கலாம். நான்கு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதைத்தான்: விதியை நாய்க்கு எழுதாதீர்கள், வளர்ப்பவருக்கு எழுதுங்கள். எந்தப் பிராணி, எத்தனை கிலோ, என்ன ஜாதி என்று எழுத ஆரம்பித்தால் சண்டைதான் வரும். வளர்ப்பவர் பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதினால் ஒத்துப்போவார்கள், பெரும்பாலும்.

நாங்கள் வைத்திருந்தது ஒரு பக்கத் தாள். வீட்டுக் கதவைத் தாண்டினால் கழுத்துப்பட்டையும் கயிறும் இருக்க வேண்டும், கயிறு பெரியவர் கையில் இருக்க வேண்டும், பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையின் நகலை வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸில் கொடுக்க வேண்டும். பின்பக்கப் புல்தரையில் நாயோடு நடக்கக் காலை ஏழரைக்கு முன், இரவு எட்டுக்குப் பின். அசிங்கம் பண்ணினால் கூட்டிவந்தவரே எடுக்க வேண்டும். இதற்குமேல் எதுவும் எழுதவில்லை. நேரம் ஒதுக்குவது சங்கத்தின் கையில் இருக்கும் விஷயம்தான், ஆனால் நாளெல்லாம் கூடாது என்று பார்க்கையே பூட்டிவிடக் கூடாது.

"லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுங்கறாங்க. நாலாவது மாடி, நாய்க்கு பன்னெண்டு வயசு. தூக்கிட்டா நான் ஏறுறது?"

லிஃப்டை மறுக்கக் கூடாது. அதற்கென்று தனியாகப் பணம் வாங்குவதும் கூடாது. இரண்டுமே அந்த 2015 சுற்றறிக்கையில் இருக்கின்றன. இரண்டு லிஃப்ட் இருக்கும் இடத்தில் "நாயோடு வருபவர்கள் இதைப் பயன்படுத்துங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம். அது வேலை செய்யாத நாளில் மற்றதில் விட வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே யாராவது இருந்தால், "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வரோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் சண்டை நின்றது சுற்றறிக்கையால் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வார்த்தையால்தான் நின்றது.

"பார்க்கிங்ல ஆய் போய்டுது. ஃபைன் போட்டா அடங்குவாங்க இல்ல?"

இதற்கென்று சட்டம் எதுவும் இல்லாத இடத்தில், சங்கம் தானாக அபராதம் விதிக்கக் கூடாது, சுத்தம் செய்யும்படி கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் வாரியத்தின் நிலை. ஆகவே ஐந்நூறு, ஆயிரம் என்று ரசீது போடுவது நிற்காது. ஆனால் வளர்ப்பவர்களிடம் நான் கறாராகவே பேசுவேன். விடியற்காலை கூட்டிப் பெருக்க வரும் அம்மா அதை அள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் போவது பெரிய தப்பு. அவருடைய சம்பளத்தில் அந்த வேலை சேர்த்தியில்லை.

நாங்கள் பார்க்கிங் தூணில் ஓர் ஆணி அடித்து, நான்காக வெட்டிய பழைய நாளிதழ்களைக் கொத்தாகக் கோத்து மாட்டினோம். பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி. ஒரே மாதத்தில் புகார் பாதியாகக் குறைந்தது. காகிதம் கையில் இருந்தால் ஆட்கள் குனிகிறார்கள்.

"பக்கத்து வீட்டு நாய் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குரைக்குது. எனக்கு நைட் ஷிஃப்ட். நான் எப்பத் தூங்கறது?"

குரைப்பது நாயின் இயல்பு. அதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. ஆனால் உங்கள் தூக்கமும் முக்கியம். வளர்ப்பவர் அதைக் குறைக்க முயற்சி எடுத்தே ஆக வேண்டும், இரவில் கட்டாயமாக.

முதலில் ஏன் குரைக்கிறது என்று பாருங்கள். எங்கள் இரண்டாவது மாடியில் இப்படி ஒரு நாய் இருந்தது. வெள்ளை நிறம், ராஜபாளையம் கலப்பு. வீட்டில் இருவரும் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். அதை பால்கனியில் கட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மதியம் எதிர் பிளாக் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். சங்கிலி கம்பியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. நிழல் சுவரோடு ஒட்டி ஒரு முழம் அகலத்துக்குத்தான் இருந்தது. அந்த ஒரு முழத்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்று குரைத்தது. மே மாதம், கத்திரி வெயில்.

அன்று சாயங்காலமே போய்ப் பேசினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். நாயை ஹாலுக்குள் விட்டார்கள். மதியம் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப் போகக் கீழ்வீட்டுக் கல்லூரிப் பையனை ஏற்பாடு செய்தார்கள். குரைப்பு அடங்கிவிட்டது. நாயை நேரம் காலமில்லாமல் கட்டியே போடுவது 1960 சட்டத்தின் 11-ஆவது பிரிவில் கொடுமை என்றே இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். அதை நம்பி உட்காராமல் நேரில் போய்ப் பேசுவதே பலன் தரும்.

"நாங்க வாடகைக்குத்தான் இருக்கோம். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

சங்கத்தைப் பொறுத்தவரை பொருந்தும். சொந்தக்காரருக்கு ஒரு நீதி, வாடகைக்காரருக்கு ஒரு நீதி என்று வைக்கக் கூடாது. வீட்டு ஓனரோடு நீங்கள் போட்ட ஒப்பந்தம் வேறு சங்கதி. "பிராணி வளர்க்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வளர்த்தால் பேச்சு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பூனை இருப்பதை மறைத்து வீடு பிடித்து, மூன்றாம் மாதமே பெட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

"ராட்வீலர் மாதிரி நாய்களைத் தடை பண்ணிட்டாங்கன்னு நியூஸ்ல வந்துச்சே?"

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை விட்டது உண்மை. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே இனத்தின் பெயரைச் சொல்லி உங்கள் சங்கம் தனியாகத் தடை போட முடியாது. இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு படுக்கையறை வீட்டில் அப்படிப்பட்ட நாயை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் அதற்காக ஒதுக்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். பொதுவழியில் கொண்டுவரும்போது வாய்மூடியும் போடுங்கள்.

"பூனைக்கும் இதே ரூல்தானா?"

அதேதான். கூடுதலாக ஒன்று: பால்கனிக்கு வலை அடியுங்கள். புறாவைத் துரத்தி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த பூனையைத் தூக்கிக்கொண்டு குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஓடியிருக்கிறேன். பிழைத்துக்கொண்டது, பின்னங்கால் மட்டும் கொஞ்சம் சாய்வு.

"கிளி வெச்சிருக்கோம். அது சத்தம் போடாது, யாருக்கும் தொந்தரவில்ல..."

பச்சைக்கிளி என்றால் இது அசோசியேஷன் விஷயமே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். வனத்துறையைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், அதற்கு இந்தத் தடை இல்லை.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து நாய்தான் துணை. டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிக் குடுத்தா 'சப்போர்ட் அனிமல்'னு ஒத்துக்குவாங்களா?"

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. நம் நாட்டில் "எமோஷனல் சப்போர்ட் அனிமல்" (மனத்துக்கு ஆறுதலாக இருக்கும் பிராணி) என்று தனி அந்தஸ்து கொடுக்கும் சட்டம் இல்லை. டாக்டர் கடிதத்தால் புது உரிமை எதுவும் பிறக்காது. ஆனால் முதல் கேள்வியின் பதிலைத் திரும்பப் பாருங்கள்: கடிதமே இல்லாவிட்டாலும் அப்பா நாய் வளர்க்கலாம். இல்லாத தடைக்கு எதற்கு விலக்கு?

கடிதம் வேறு இடத்தில் உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, "நியாயமான வசதி" செய்து தர வேண்டும் என்கிறது. அப்பா பகல் நேரத்தில் மட்டும்தான் நடக்க முடியும், ஆனால் நாய்களுக்கு ஒதுக்கிய நேரம் இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மாற்றுத்திறனாளி சான்றிதழையும் டாக்டர் கடிதத்தையும் இணைத்து, "எங்களுக்குக் காலை பத்து மணிக்கு அனுமதி வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். மறுப்பதற்குச் சங்கத்திடம் நல்ல காரணம் இருக்காது. பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் என்றால் இன்னும் வலுவாகக் கேட்கலாம்.

எங்கள் மூன்றாவது மாடியில் மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவில் கிடைத்த கறுப்புக் குட்டியை எடுத்து வளர்த்தார். அவர் மாத்திரை டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் அது எழுந்து போய் அடுப்படி வாசலில் நிற்கும். மாத்திரையோடு அதற்கும் ஒரு பிஸ்கட் உண்டு. "இது வந்து நிக்கறதுனாலதான் நான் மாத்திரைய மறக்கறதில்ல" என்பார். இதை எந்தச் சான்றிதழில் எழுத முடியும்?

"அமெரிக்காவுல என் அக்கா பையன் கான்டோல நாய் வெச்சிருக்கான், சர்டிஃபிகேட் காட்டினதும் ஃபீஸே வாங்கலையாம். இங்க மட்டும் ஏன் இல்ல?"

அங்கே ஆரம்பமே வேறு. அமெரிக்காவில் பல இடங்களில் கான்டோ (அடுக்குமாடி வீடு) சங்கங்களும் வீட்டு உரிமையாளர் சங்கங்களும் பிராணியே கூடாது என்று விதி வைக்க முடியும், சில சங்கங்கள் வைக்கவும் செய்கின்றன. அந்தத் தடையிலிருந்து விலக்கு கேட்க 1968-ஆம் வருஷத்து நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வழி தருகிறது. 1988-இல்தான் அதில் ஊனமுற்றோரையும் சேர்த்தார்கள். ஊனம் உள்ளவருக்குத் துணையாக இருக்கும் பிராணியைச் செல்லப் பிராணிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதனால் பிராணிக்கான கட்டணமும் வராது. மாற்றுத்திறனாளிகளுக்கான அவர்களுடைய இன்னொரு சட்டத்தில், கடை, ஹோட்டல் போன்ற பொது இடங்களுக்குள் போக, குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய்க்குத்தான் உரிமை. கூட இருந்தாலே ஆறுதல் என்பது அங்கே போதாது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய உண்டு, அவர்கள் பாரிஸ் கதை சொல்வார்கள். பிரான்சில் 1970 ஜூலை 9 தேதியிட்ட சட்டப்படி, குடியிருக்கும் வீட்டில் பிராணி வைக்கக் கூடாது என்ற நிபந்தனை எழுதாததற்குச் சமம். தாக்கும் இன நாய்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நம் ஊர் நிலைமை அமெரிக்காவைவிட பிரான்சுக்குத்தான் நெருக்கம்.

"ஆன்லைன்ல மூவாயிரம் ரூபாய்க்கு சப்போர்ட் அனிமல் கார்டு, கோட்டு எல்லாம் தராங்களே, வாங்கிடட்டுமா?"

வேண்டாம். அப்படி ஒரு பதிவேடு இந்தியாவில் இல்லை, அமெரிக்காவிலும் அரசுப் பதிவேடு கிடையாது. அந்த மூவாயிரத்தில் நாய்க்கு இரண்டு வருஷத் தடுப்பூசியைப் போட்டுவிடலாம்.

"கேட்டுக்கு வெளிய இருக்கற தெருநாய்க்கு நான் சோறு வெக்கறேன். மத்தவங்க திட்டறாங்க. யார் சொல்றது சரி?"

இரண்டு பக்கமும் பாதி சரி. 2023-ஆம் வருஷத்து விலங்குகள் கருத்தடை விதிகளில் 20-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றைவிட்டுத் தள்ளி ஓர் இடத்தையும் நேரத்தையும் சங்கமே ஒதுக்கித் தர வேண்டும். சோறு வைப்பவர் அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும், மிச்சத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ட இடத்தில் வைக்கக் கூடாது என்பதை 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும், வெறி பிடித்தது, கடிக்கிற சுபாவம் உள்ளது தவிர என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு நவம்பரில் தனி உத்தரவு வந்தது, அங்கே பிடித்ததைத் திரும்ப விடக் கூடாது.

ஆகவே வேன் வைத்து நாய்களைப் பிடித்துப் போய் வில்லியனூர் பக்கம் விட்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நகராட்சிக்குக் கருத்தடைக்காக எழுதிக் கொடுங்கள்.

"கடிச்சிடுச்சுன்னா?"

முதலில் சண்டை போடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு, உடனே எதிர்ப்பு தரும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும், கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று சும்மா இருக்க வேண்டாம். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும், அதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் சட்டம். தன் பிராணியை அஜாக்கிரதையாக விட்டு ஆளுக்கு ஆபத்து வரவைத்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம். மருத்துவச் செலவை வளர்ப்பவர் கேட்காமலே கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

"எங்க நாய்க்கு யாரோ விஷம் வெச்சுட்டாங்க. போலீஸ்ல எடுப்பாங்களா?"

எடுக்க வேண்டும். விலங்கைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றம். தெருநாய்க்கும் இது உண்டு. உடலை அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். புகாரோடு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாங்குங்கள். அழுதுகொண்டே இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அறிக்கை இல்லாமல் வழக்கு நகராது.

"ஃபெஞ்சல் மாதிரி மறுபடியும் வந்தா கீழ்வீட்டுக்காரங்க நாயை எங்க வெக்கறது?"

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். தரைத்தளத்தில் கட்டியிருந்த ஒரு நாயைக் கயிற்றை அறுத்துத்தான் மேலே கொண்டுவந்தோம். அதற்கப்புறம் முதல் மாடி மீட்டிங் ஹாலை மழை நாளில் பிராணிகளுக்குத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தோம், யாரும் எதிர்க்கவில்லை. தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும், நாய்க்கும் வரும். அதற்கான தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

"எல்லாம் நாய் வெச்சிருக்கறவங்களுக்கே பேசறீங்க. என் பொண்ணுக்கு நாய்னா உசிரு போற பயம். எங்களுக்கு உரிமை இல்லையா?"

இருக்கிறது. பயமில்லாமல் படியிறங்கிப் போவது உங்கள் மகளுடைய உரிமை. நாயை வீட்டைவிட்டு அனுப்பச் சொல்ல முடியாது. ஆனால் அது அவிழ்ந்து வராது என்ற உத்தரவாதத்தை நீங்கள் கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் எழுத்தில் புகார் கொடுங்கள், நானே முன்னே நிற்பேன்.

எங்கள் பிளாக்கில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இப்படித்தான். எதிர்வீட்டில் நாய். பள்ளி வேன் வரும் ஏழு ஐம்பதிலிருந்து எட்டு வரை எதிர்வீட்டுக் கதவு திறக்கக் கூடாது என்று இரண்டு அம்மாக்களும் பேசிக்கொண்டார்கள். நாய் வீட்டுக்காரர் கதவில் ஒரு சின்ன மணி கட்டினார். வெளியே கொண்டுவரும் முன் இரண்டு தரம் ஆட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் பாப்பா உள்ளேயே நின்றுகொள்வாள். இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. மணிச் சத்தம் கேட்டால் கிரில் கேட்டுக்குப் பின்னால் வந்து நின்று, நாய் படியிறங்குவதைப் பார்க்கிறாள். கேட்டைத் திறப்பதில்லை. திறக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்பதும் இல்லை.